மாரீஸ்வரியின் இடது நுரையீரல்

இன்று காலை ஆபரேஷன் தியேட்டரில், மூச்சுக்குழலுக்குள் விடும் டியூப்பை வெந்நீரில் ஊறப்போட்டேன். மூக்கு வழியாகப் போக அது இளகவேண்டும். அந்தச் சூடான பிளாஸ்டிக் வாசனையில் உன் ஞாபகம் வந்துவிட்டது. "என்னலே, பாயாசத்துக்குச் சேமியா போட்டாச்சா?" என்று எட்டிப் பார்ப்பாய். மயக்கம் கொடுக்கிற எனக்கு ஐந்து நிமிஷம்கூடத் தராத சர்ஜன் நீ.

பொத்தான் செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டு நீ திரிந்த வருடங்கள் அவை. அப்போது வந்த மாரீஸ்வரி, நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற பெண். பழைய தீக்காயத் தழும்பு தாடையை நெஞ்சோடு இழுத்துப் பிடித்திருந்தது. வாய் ஒரு விரலுக்குத்தான் திறந்தது. இடது நுரையீரலில் சீழ். அதை நீ அறுத்தெடுக்க, அந்தப் பக்கத்து மூச்சை மட்டும் நான் நிறுத்தித் தரவேண்டும். ஒவ்வொரு நுரையீரலுக்கும் தனி வழி வைத்த வழக்கமான இரட்டைக் குழாய் தடிமன்; அவளுக்குள் நுழையாது. மயக்கம் கொடுத்தபின் எந்த டியூப்பும் போகாவிட்டால் அவள் பிழைக்கமாட்டாள். ஆகவே விழித்திருக்கும்போதே தொண்டையை மரத்துப்போக வைத்து, கேமராக் குழாயை மூக்கில் விட்டேன்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். கெஞ்சிப் பார்த்தேன். ம்ஹூம். குரல்வளை இறுக மூடிக்கிடந்தது. ஆக்ஸிஜன் குறையக் குறைய மானிட்டர் சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. குழாயை உருவிவிட்டேன்.

நீ கையுறையைக் கழற்றிவிட்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாய்.

"ஏத்தா, மருந்து அடைக்கும்போது மூச்ச அடக்கிக்கிருவியா?"

"ஆமாய்யா. தூசி உள்ள போயிருமில்ல. மொகத்துக்கிட்ட என்ன வந்தாலும் தன்னால அடங்கிக்கிரும்."

"இங்கன தூசி இல்லத்தா. சீசனுக்கு உங்க கம்பெனியில எம்புட்டு லோடு போகும்? சொல்லு."

சொல்ல ஆரம்பித்தாள். பேசுவதென்றால் மூச்சை இழுத்துத்தானே ஆகவேண்டும். மறுபடி கேமராவை விட்டேன். அவள் அடுத்த பேச்சுக்கு மூச்சிழுத்ததும் குரல்வளை திறந்தது. கேமராவின் மேல் கோத்திருந்த சின்ன டியூப் உள்ளே போனது. பிறகு மயக்கம் கொடுத்து, டியூப்புக்குள்ளேயே மெல்லிய பலூன் குழாயை இறக்கி இடப்பக்கத்தை அடைத்தேன்.

நீ நெஞ்சைத் திறந்தபோது அந்த நுரையீரல் சுருங்கி அசையாமல் கிடந்தது. "தங்கமா கெடக்குலே," என்றாய். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. மாரீஸ்வரி நல்லபடியாக வீட்டுக்குப் போனாள்.

இப்போது கேமராவைத் தொடுமுன் நானும் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன வேல பாக்குறீக?" என்று கேட்கிறேன். நர்ஸ்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

இன்றைக்கு வந்தவர் காரியாபட்டிக்காரர், வெங்காய வியாபாரம். விலையைத் திட்டிக்கொண்டே நன்றாக மூச்சு விட்டார். டியூப் இறங்கியதும், "உள்ள போயிருச்சுலே," என்று வாய்விட்டு உன்னிடம் சொல்லிவிட்டேன். நீ இறந்துபோனது அப்புறம்தான் உறைத்தது; டியூப்பைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன்.