அம்மாவிடம் கேட்காத மன்னிப்பு

அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் மோட்சம் போய் ஒரு வருடம் ஆகிறது. அங்கேதான் போனீர்கள் என்று பாஸ்டர் அடித்துச் சொல்கிறார். அதனால் நானும் அந்த விலாசத்துக்கே எழுதுகிறேன்.

மாதா கோயில் பூசைக்குக்கூட எட்டிப் பார்க்காத நீங்கள், அறுபது வயதில் வைத்திக்குப்பம் கடலில் முங்கி ஞானஸ்நானம் வாங்கினீர்கள். படகு ஓரமாக ஈரத் துணியோடு நடுங்கிக்கொண்டு, "இன்னியோட என் பாவமெல்லாம் போச்சும்மா" என்று என்னிடம் சொன்னீர்கள். குடி அன்றோடு நின்றது. அடியும் நின்றது. அதை நான் மறுக்க மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் இன்னொரு கொடுமை ஆரம்பித்தது. வாராவாரம் ஜெபக்கூடத்தில் சாட்சி சொல்ல மைக்கைப் பிடிப்பீர்கள். "என் சம்சாரத்த அடிச்சு, மூணு தடவ கைய ஒடச்ச பாவிங்க நானு. எழுந்திரு பிலோமினா, காட்டு" என்பீர்கள். அம்மா எழுந்து கோணிப்போன மணிக்கட்டைத் தூக்கிக் காட்டுவாள். எல்லோரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொல்வார்கள். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்று உங்களுக்காகப் பொய் சொன்னவள் அவள். உங்களுக்கு வெட்கமே இல்லையா அப்பா?

"ஒடச்சது ஒரு தடவதான். இவரு மூணுன்றாரு. பாவத்தக்கூட ஏத்திச் சொன்னாத்தான் மரியாத போல" என்று வீட்டுக்கு வந்து அம்மா முணுமுணுப்பாள். பாவம் பெரிதாகப் பெரிதாக மீட்பரும் பெரியவராகத் தெரிவார். அந்தச் சந்தடியில் நீங்களும் கொஞ்சம் பெரிய மனிதராகிவிட்டீர்கள்.

போன ஞாயிறு உங்கள் நினைவுக் கூட்டம். "வீட்டுக்காரர மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா" என்று பாஸ்டர் அம்மாவிடம் மைக்கைக் கொடுத்தார்.

அம்மா எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். பிறகு, "ஆண்டவருகிட்ட மன்னிப்பு கேட்டாரு. ஒங்க எல்லார்கிட்டயும் கேட்டாரு. நானும் பக்கத்துலதான் இருந்தேன். எங்கிட்ட கேக்கவே இல்லியே" என்றாள். கீபோர்டு வாசிப்பவர் அவசரமாக ஒரு பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் பாஸ்டர் வீட்டுக்கே வந்தார். "மத்தவங்கள மன்னிக்காதவங்கள ஆண்டவரும் மன்னிக்க மாட்டாரும்மா. இரட்சிப்பு போயிடும்" என்று தன்மையாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. "மன்னிச்சிட்டேன்" என்று தனக்குள்ளே சொல்லிப் பார்க்கிறாள். பாதியில் நிறுத்திவிட்டு, "வாய்தான் சொல்லுது ரெஜினா, மனசு வரல. எனக்கு நரகம்தானா?" என்று என்னைக் கேட்கிறாள்.

என்ன நியாயம் இது? அடித்தவர் உள்ளே, அடி வாங்கியவள் வெளியேவா? இரட்சிப்பு இலவசம் என்கிறார்கள். நானும் அதை நம்புகிறவள்தான். இயேசு உங்களுக்காகவும் ரத்தம் சிந்தினார், சரி. அதற்காக அம்மாவைத் தாண்டிக்கொண்டு போய்விடுவதா? மைக் இல்லாத சமையலறையில், "தப்புதான் பிலோமினா" என்று இரண்டே வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே மன்னித்திருப்பாள். உங்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை?

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அப்பா. உங்களை மன்னிக்காத குற்றத்துக்காக அங்கே அம்மாவை உள்ளே விடாவிட்டால், என்னைக் கூப்பிட்டாலும் நான் வர மாட்டேன். அவள் எங்கே போகிறாளோ அங்கேயே நானும் போய்க்கொள்வேன். நீங்கள் இரட்சிக்கப்பட்டவராகவே, தனியாக இருங்கள்.

இப்படிக்கு,
பிலோமினாவின் மகள்
ரெஜினா