வாத்துப் போட்ட மஞ்சள் ஜப்லா

மாமா அவர்களின் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவரப்படும் செய்தி: இன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன்னதாக, நம் வீட்டின் இளைய வாரிசு, வாத்துப் படம் போட்ட மஞ்சள் ஜப்லாவின் மேல் முழு மனத்துடன் வாந்தி எடுத்தார். அவரைவிட இரண்டு நிமிடம் மூத்தவரான அவருடைய அக்கா அதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார். உயிர்ச்சேதம் இல்லை. வாத்துக்கு முகம் அழிந்து ரொம்ப நாளாகிவிட்டதால் அதற்கும் புதிதாக அவமானம் ஒன்றுமில்லை.

ஜப்லாவை அலசிப் பிழிந்தது நான். வெளுத்துப்போய், விரல் பட்டால் கிழிந்துவிடும் போலிருக்கும் துணி. எத்தனை முறை துவைத்தாலும் அதில் யார் வீட்டுத் தேங்காய் எண்ணெய் வாசமோ கொஞ்சம் மிச்சமிருக்கிறது. உங்கள் ஞாபகம் வந்தது. வாந்தியைப் பார்த்தால் உங்கள் ஞாபகம் வருவது எனக்குப் புதிதல்ல. இந்த முறை துணியைப் பார்த்து வந்தது.

உங்களைப் போல யாரையும் மதிக்காத ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. மண்ணரைப் பகுதியில் குழந்தைத் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நூறு மடிப்புத் துணியை ஒரே ஓட்டத்தில் வெட்டுவீர்கள். அதே கத்தியை வாயிலும் வைத்திருந்தீர்கள். கோபம் வந்தால் மற்றவர்கள் மரியாதையைக் குறைப்பார்கள், நீங்கள் கூட்டுவீர்கள். "தெரியாமச் சொல்லிப்போட்டீங்க, பரவால்லீங்க" என்று நீங்கள் சொன்னால், எதிரில் இருப்பவருக்கு மூளை கிடையாது என்று அர்த்தம். என்னிடம், "ஏனுங்க மாப்ள, பரிச்சையெல்லாம் எப்படீங்க? பேப்பரை வாங்குன மாதிரியே சுத்தமாத் திருப்பிக் குடுத்தீங்களா?" என்பீர்கள். நானும் சும்மா விட்டதில்லை. மழையில் நனைந்து உங்கள் மீசைச் சாயம் கன்னத்தில் வழிந்த அன்று, "மாமா, சாயக்கழிவை இப்படித் தொறந்து உடறதுக்கு அனுமதி வாங்கிட்டீங்களா?" என்று கேட்டேன். அப்பா அடிக்க வந்தார். நீங்கள்தான் வாய்விட்டுச் சிரித்தீர்கள். அந்த ஒரு சிரிப்புக்காக உங்களை மன்னிக்கலாம் என்றிருந்தேன். பிறகு நீங்களே அதைக் கெடுத்துக்கொண்டீர்கள்.

அம்மாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேறொரு கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருந்தார். கை நீட்டும் தூரத்திலேயே ஊசி ஓட்டையைக் கண்டுபிடித்துச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். திருத்தினால் தேறும் பீஸுக்குத்தான் அந்த அம்பு. தேறாததை ஒட்டாமலே ஒதுக்கி எறிந்துவிடுவார். அப்படிப்பட்ட கண்ணுக்குத் தன் வயிற்றுக்குள் ஆறு மாதமாக இரண்டு பேர் குடியிருப்பது தெரியவில்லை. நாற்பத்தொரு வயதில் மாதம் வருவது நின்றால் அது நின்றதுதான் என்று இருந்துவிட்டார். வயிறு உப்பியதற்கு, "கேஸு" என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்தார். கடைசியில் கட்டியாக இருக்குமோ என்று பயந்துபோய் ஸ்கேன் எடுத்தால், கேஸ்தான், பிரசவ கேஸ். அதுவும் இரட்டை. ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. அப்பா வெளியே வந்து பைக்கில் ஏறி, சாவியே போடாமல் ஐந்து நிமிடம் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்த வயதில் இரட்டை என்றால் பத்து மாதம் காத்திருக்காது, வாரம் தவறாமல் பிரஷர் பார்க்க வேண்டும், பச்சிளம் குழந்தைகளுக்குத் தனி வார்டு உள்ள பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்று சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள். முதலில் சிரித்தீர்கள். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "வயசுப் பையன ஊட்டுல வெச்சுக்கிட்டு இதென்ன அம்முணி கூத்து?" என்றீர்கள்.

ஊர் சொல்லும் என்று அம்மா பயந்துகொண்டிருந்த வாக்கியம் அது. ஊருக்கு அந்தச் சிரமமே வைக்காமல் கூடப் பிறந்த அண்ணனே சொல்லிவிட்டார். அம்மா எழுந்து உள்ளே போய், கொதிக்காத பாலை இறக்கி வைத்தார். வயசுப் பையன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு மனிதரை இவ்வளவு கேவலமாக நினைக்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் சட்டம் வந்தது. "தெருவுல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது கண்ணு." கம்பெனியில் முதுகுவலி என்று சொல்லி அம்மா நின்றுகொண்டார். வீட்டுக்குள்ளும் தோளில் துண்டு போட்டு முன்னால் இழுத்து விட்டுக்கொண்டார். இரண்டு தூளிக்கு இரண்டு கொக்கி வேண்டும். எங்கள் வாடகை வீட்டில் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று அடிக்க அனுமதி கேட்கப் போன அப்பா, வீட்டுக்காரரிடம், "பையன் பாக்ஸிங் பழகறானுங்க, மூட்டை தொங்க உடோணும்" என்றார். என் கையைப் பார்த்தால் கொசுகூடப் பயப்படாது. வீட்டுக்காரர் நம்பினார். எங்கள் தெருவின் அறிவுத்திறன் அவ்வளவுதான்.

பிரஷர் பார்க்கும் சுகாதார நிலையத்துக்கு அம்மா போகவே இல்லை. அங்கே வரிசையில் உட்கார்ந்திருப்பதெல்லாம் அவருக்குக் கீழே செக்கிங் பழகிய பெண்கள். அவர்களுக்கு நடுவில் இந்த வயிற்றோடு எப்படிப் போய் உட்காருவது என்றார். கால் வீங்கியது. அதையும் சேலையால் மூடிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து, ஒன்றுமே சொல்லாதவர் போல நீங்கள் திரும்பி வந்தீர்கள். அம்மா முகம் கொடுக்கவில்லை. நீங்கள் சுவரைப் பார்த்துப் பேசினீர்கள். "கொக்கி ரெண்டு இருக்குதுங்க. துணி எங்கீங்க?"

அதுதான் சிக்கல். குழந்தை பிறப்பதற்கு முன் புதுத்துணி எடுக்கக் கூடாது. பிறந்ததும் போடுவது, நல்லபடியாக வளர்ந்த இன்னொரு குழந்தை போட்ட பழைய துணியாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கடைசியாக ஜப்லா போட்ட ஆள் நான். பதினேழு வருடம் ஆகிறது. கண்டெய்னர் கண்டெய்னராக உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் ஜப்லா அனுப்பும் ஊரில், ஜப்லா வெட்டுகிறவரின் தங்கைக்குப் பழைய ஜப்லா ஒன்றுகூட இல்லை. கேட்டு வாங்கலாம். ஆனால் கேட்டால் தெரிந்துவிடும்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "வயசுப் பையன்னுதானுங்க பேசுவாங்க. அந்த வயசுப் பையனே வாசல்ல வந்து நின்னு, எங்கம்மாளுக்கு ரெண்டு கொழந்தைங்க, பழய துணி இருந்தாக் குடுங்கன்னு கேட்டா, அப்பறம் எவிய என்ன பேசுவாங்க?"

அம்மா அன்றுதான் தலை நிமிர்ந்தார். உங்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "கேப்பியா கண்ணு?"

"இதென்னம்மா பெரிய விசயம்? என்ர தலைல ரெட்டைச் சுழி வெச்சுப் பெத்துட்டு, ரெட்டைக்கு நான் பதில் சொல்ல மாட்டனா?" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு வீடு ஏறி இறங்கினேன். ஒவ்வொரு வாசலிலும் நிமிர்ந்து நின்று கேட்டேன். பத்தொன்பது ஜப்லாவோடு திரும்பி வந்து, யார் யார் முகம் எப்படி எப்படிப் போயிற்று என்று உங்களுக்கும் அம்மாவுக்கும் நடித்துக் காட்டினேன். மளிகைக்கடைக்காரர் மனைவி தாடையில் கை வைத்தது, கணக்கு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது, எல்லாம். அம்மா ஒவ்வொரு ஜப்லாவாக எடுத்து மடியில் வைத்து நீவிக்கொண்டே கேட்டார். நீங்கள் ஒன்றை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, கழுத்து வளைவில் கட்டை விரலை ஓட்டினீர்கள்.

"நல்ல ஊட்டுத் துணிங்க மாப்ள" என்றீர்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினீர்கள்.

அந்த வாரமும் அம்மா சுகாதார நிலையத்துக்குப் போகவில்லை. இவ்வளவு செய்த பிறகும் என்ன வெட்கம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை எதிர்வீட்டு அக்கா ஒரு பையோடு வந்தார். "ஏனுங்க்கா, எங்ககிட்டச் சொல்லக் கூடாதுங்களா? உங்க பையன் சொல்லி உட்டுத்தானுங்க எங்களுக்கே தெரியுது!" என்று பையிலிருந்து எடுத்து விரித்தது இந்த மஞ்சள் வாத்தைத்தான். அவருக்குப் பின்னால் தெருவே வந்தது. அறிவுரைகளும் வந்தன. ஒருத்தர், ஒட்டிப் பிறந்த வாழைப்பழம் தின்றாயா என்று விசாரித்தார். இன்னொருத்தர், இனிமேல் தின்னாதே என்றார். தின்றால் நான்காகிவிடும் என்று பயம் போலிருக்கிறது. இப்படிப்பட்டவர்களின் வாய்க்குப் பயந்தா அம்மா இத்தனை நாள் துண்டு போட்டு மூடிக்கொண்டிருந்தார் என்று நினைத்தபோது எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அம்மா, அவர்கள் போன பிறகு வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை துண்டு போடாமல், எதிர்வீட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, தெரு நடுவில் நடந்து சுகாதார நிலையத்துக்குப் போனார்.

பிரஷர் பார்த்த நர்ஸ் அவரை வீட்டுக்கே அனுப்பவில்லை. அங்கிருந்தே ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரி. இரண்டு வாரம் வார்டில் வைத்திருந்து ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இரண்டும் இரண்டு கிலோ தேறவில்லை. பதினாறு நாள் விளக்குச் சூட்டில் கிடந்தார்கள். "இன்னும் ரெண்டு நாள் தள்ளி வந்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்த டாக்டர் அடுத்த கட்டில் பக்கம் நகர்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்களிடம் மார்தட்டினேன். "நான் போய்க் கேட்டதுனாலதானுங்க மாமா தெருவே தெரண்டுச்சு. இல்லீன்னா என்னாயிருக்கும்?"

"ஆமாங்க மாப்ள. உங்க வாய் அப்படீங்க" என்றீர்கள். மூன்று மரியாதை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பாராட்டு என்று நினைத்துப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

குழந்தைகளுக்கு மூன்று மாதம் முடிவதற்குள், ஒரு மதியம், துணி விரித்த மேசைக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழவே இல்லை. எழவு வீட்டில் எதிர்வீட்டு அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே என்னிடம் சொன்னார். "உங்க மாமா துணி கேக்க வந்தன்னிக்கு வாசக்கேட்டுக்கு வெளியவே நின்னுட்டாருங்க. 'மாப்ளக்குப் பரிச்சைங்க, அதனால என்னைய அனுப்பிச்சாப்ல. என்ர தங்கச்சிக்கு ரெட்டைங்க. அண்ணங்காரன் நானே மொதல்ல வாய் தவறிப்போட்டனுங்க, நீங்க யாரும் அந்தப் பேச்சுப் பேசிப்போடாதீங்க'ன்னாரு. எல்லா ஊட்டு வாசல்லயும் அதேதான் சொன்னாராமா."

யாரையும் மதிக்காத நீங்கள், எனக்குப் பதிலாக, நான் மதிக்காத ஒரு தெருவின் வாசல்தோறும் நின்றிருக்கிறீர்கள்.

மேலே பதினோரு வீடு என்று எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிடுங்கள், மாமா. ஒரே ஒரு வீடு. முதல் வீட்டில் என் வகுப்புப் பெண் வந்து கதவைத் திறந்தாள். "இன்னிக்கு கரண்ட் எப்பப் போகும்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். பிறகு, ஏற்றுமதியில் மிஞ்சிய துணி விற்கும் சர்ப்ளஸ் கடையில் பத்தொன்பது புது ஜப்லா வாங்கி, துணியைப் பழசாக்கிக் காட்டும் வாஷிங் பட்டறையில் வேலை செய்யும் நண்பனின் அண்ணனிடம் கொடுத்து, மூன்று ஓட்டம் ஓட்டி எடுத்து வந்தேன். மளிகைக்கடை, கணக்கு வாத்தியார், எல்லாம் கற்பனை. எதிர்வீட்டு அக்கா என் பேரைச் சொன்னபோது, உண்மையில் யார் போய்ச் சொன்னது என்று கேட்காமல், வந்த பேரை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த ஜப்லாக்கள் உங்கள் மேசையில் நீங்கள் வெட்டியவை என்பது எனக்கு அப்போது தெரியாது. உங்கள் கட்டை விரலுக்குத் தெரிந்திருக்கிறது.

அம்மாவையாவது ஏமாற்றிவிட்டேன் என்று இன்று காலை வரை நம்பிக்கொண்டிருந்தேன். வாந்தி எடுத்தவருக்கு மாற்று ஜப்லா தேடி பீரோவின் அடித்தட்டில் கை விட்டேன். பத்தொன்பதும் அங்கே இருந்தன. ஒன்றுகூடக் குழந்தைகள் மேல் ஏறியதில்லை. ஒவ்வொன்றாக மடித்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சிவப்பு அம்பு.

அப்படியென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மாவுக்குத் தெரியும். நான் கேட்கவில்லை என்று தெரிந்துதான் அந்த வாரமும் வெளியே வரவில்லை. நான்தான் சொல்லி அனுப்பினேன் என்று எதிர்வீட்டு அக்கா சொன்ன பிறகுதான் வந்தார். நான் உங்களை அனுப்பவில்லை, மாமா. அதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். கரண்ட் எப்போது போகும் என்று கேட்டேன்.

ஓர் அம்பைப் பிய்த்து என் சட்டையில், நெஞ்சுக்கு மேலே ஒட்டிக்கொண்டேன். பெரியவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த அம்மா அதைப் பார்த்தார். என்னவென்று கேட்கவில்லை. எடுக்கச் சொல்லவும் இல்லை. சின்னவனைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.