பாக்குப் பொட்டலமும் உன் புரதங்களும்

நோர்வூட்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகள் நிரோஜினிக்கு,

மாதாவின் தயவில் நான் நலம், இடக் கன்னத்தின் உள்பக்கம் சட்டைப் பொத்தான் அளவு வெள்ளைத் திட்டு ஒன்றைத் தவிர. உட்கார்ந்துகொண்டு வாசி. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், விஷயம் பாதியில் நிற்கும். அதனால் எழுதி, நானே படம் பிடித்து அனுப்புகிறேன்.

எல்லாவற்றுக்கும் நீ அனுப்பிய கட்டுரைதான் காரணம். வாய்ப்புற்றுநோயில் அழற்சிப் புரதங்களின் பங்கு பற்றி மெல்பர்னில் நான்கு வருடம் ஆராய்ந்து எழுதியதைப் பென்சிலோடு வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரே வாக்கியம் பதினொரு வரி. எங்கள் கான்வென்டில் என்றால் சிஸ்டர் உன்னை முழங்காலில் நிறுத்தியிருப்பார். ஆனாலும் விளங்கியது. புண்பட்ட இடத்துக்கு ஆள் கூப்பிடுவது அந்தப் புரதங்களின் வேலை, தினமும் அதே இடம் புண்பட்டால் கூப்பாடு ஓய்வதில்லை, வந்த கூட்டமும் கலைவதில்லை, அந்தச் சந்தடியில் கெட்ட செல்கள் வளர்ந்துவிடுகின்றன. சரிதானே? இதற்கா உனக்கு இருபத்திரண்டு பக்கம்?

இதைத் தோட்டத்துக் கீழ் லயத்தில் குடியிருக்கும் ராக்காயிக்குச் சொன்னேன். கொழுந்து பறிக்கும்போதும் புகையிலையைக் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பவள். ஆஸ்பத்திரிக்கு வந்து வாயைக் காட்டு என்றால், “நீங்களும் காட்டுங்க டீச்சரம்மா, அப்பத்தான் நா வருவேன்” என்று அடம்பிடித்தாள். வெற்றிலையே அறியாத வாய், எனக்கென்ன பயம் என்று அவளோடு போய் நானும் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவளுக்குக் கறைபிடித்த பல்லைத் தவிர இப்போதைக்கு ஒன்றுமில்லையாம். என் கன்னத்தில்தான் டாக்டர் டோர்ச்சை நிறுத்திவிட்டார். பாக்குப் போடுவீங்களா என்று கேட்டார். உன் அப்பா இறந்த பிறகு, இந்த ஆறு வருடமாகச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசனைப் பாக்கு, நாளைக்கு நாலு பொட்டலம். வெற்றிலையும் புகையிலையும் சேராததால் அதை நான் கெட்ட பழக்கமாக எண்ணவில்லை, உனக்கும் சொல்லவில்லை. இப்படித் திட்டு விழப் பாக்கு மட்டுமே போதுமாம். திரும்பும்போது பஸ்ஸில் ராக்காயிக்கு ஒரே சிரிப்பு. “நா ஊரறியத் தின்னேன், நீங்க ஒளிச்சுல்ல தின்னிருக்கீங்க!” பிறகு இறங்கும் வரை என் கையை அவள் விடவில்லை.

திட்டில் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வியாழக்கிழமை முடிவு. புற்றாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை என்கிறார் டாக்டர். பாக்கை விட்டுப் பன்னிரண்டு நாளாகிறது. நிறுத்தினால் அந்தக் கூப்பாடு அடங்குமா என்று உன் கட்டுரையில் தேடினேன், எங்கும் இல்லை. அதை மட்டும் எனக்கு எழுது. ஆறுதல் வேண்டாம், படித்தவளாக உள்ளதைச் சொல். தெரியாது என்றால் தெரியாது என்றே எழுது.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசீர். மாதா உங்களைத் தன் கைக்குள் வைத்திருக்கட்டும். வியாழக்கிழமை, மறந்துவிடாதே. அவசரப்பட்டு டிக்கெட் போடாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத மனம் வரவில்லை.

உன் அம்மா,
மார்கிரட்