கடைசி ஆளுக்கான கேக்

என் செல்ல மூக்கொழுகிக்கு,

மலையோட்டப் பந்தயம் எப்படி நடந்தது என்று போனில் கேட்டாய். நான் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரித்தால் உதை விழும்.

பந்தயக் கமிட்டியின் புதுச் செயலாளர் ஹெஸ்கெத் பந்தயத்தைச் சீர்படுத்துகிறாராம். கமிட்டிக் கூட்டத்தில், "ரெண்டு மணி நேரத்துக்கு மேல யாருக்கும் காத்திருக்க வேண்டாம்க்கா, எல்லைக் கொடியச் சுருட்டிடலாம்" என்றார்.

"அப்போ கடைசியா வர்றவன் மலையிலயே ஆடுங்களோட படுத்துக்கட்டுமா?" என்றேன். கூட்டமே சிரித்தது. பழையபடி கடைசி ஆள் வரும்வரை காத்திருப்பது என்று முடிவானது.

கடைசி ஆளுக்குப் பரிசு எப்போதும்போல என் இஞ்சி கேக்தான். உன் அப்பா வருஷா வருஷம் அதை ஜெயித்து வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவருவார், வெட்கங்கெட்ட மனுஷன். அவர் போன பிறகு இதுதான் முதல் பந்தயம். இந்த முறை கெண்டல் ஊரிலிருந்து வந்த ஒரு பெண் கடைசியாக நொண்டி நொண்டி வந்தாள். கேக்கைக் கொடுத்தேன். கைதட்டினேன்.

எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் வேலிக் கதவருகே டீப் பாத்திரத்தோடு மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

"எல்லாரும் வந்தாச்சுக்கா" என்றார், கொடியைச் சுருட்டிக்கொண்டு வந்த ஹெஸ்கெத்.

"இன்னும் ஒருத்தர் வரணும்" என்றேன். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சுருட்டிய கொடியைப் பிரித்து மறுபடி நட்டார். பக்கத்தில் வந்து நின்று, "டீ மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. தீரும்வரை நின்றோம்.

இந்த வருஷம் கேக் திரும்பி வராத வீட்டிலிருந்து,
உன் அம்மா