புதினா மிட்டாய் டப்பா

ஹாலிஃபாக்ஸ், வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று மாலை ஐந்து மணிக்கு நீ எழுதிய தொடரை டிவியில் பார்த்தோம். தட்டில் பீன்ஸும் ரொட்டியும் ஆறிப்போக, என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவும்தான். "அந்த வாலுப் பய நம்ம சின்னவனேதான்டி" என்றாள்.

வாலு நீயில்லை. தலைமையாசிரியர் அறை ஹீட்டருக்குப் பின்னால் கருவாட்டைச் செருகியது நான். என் குறும்பையெல்லாம் உன் நாயகனுக்குக் கொடுத்துவிட்டு, அவனைக் காட்டிக்கொடுக்கும் அக்காவாக என்னை ஆக்கியிருக்கிறாய். போகட்டும், கதைதானே என்றிருந்தேன்.

தொடரில் கோள் சொல்லி முடித்த அக்காவிடம் தலைமையாசிரியர் இழுப்பறையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து நீட்டுகிறார். "நல்ல புள்ள, ஒரு மிட்டாய் எடுத்துக்க." அந்த அறையில் நான் பிரம்படி வாங்கியிருக்கிறேன், டப்பாவைப் பார்த்ததேயில்லை.

அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "கருவாட்டுக்காக உன்னை ஸ்கூலை விட்டு நிறுத்தின அன்னிக்கு சின்னவன் கால்சட்டைப் பையில இதே புதினா மிட்டாய்தான் ஒட்டிக் கெடந்துச்சு. தேய்ச்சுத் தேய்ச்சுக் கை வலிச்சுது."

கருவாட்டு விஷயம் தெரிந்தவர்கள் நீ, நான், என் தோழி டோரீன். சொன்னது அவள்தான் என்று நம்பி இருபத்தைந்து வருஷம் அவளோடு பேசவில்லை. அவள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. நீ போய்க் கேக் சாப்பிட்டு வந்தாய்.

இன்று காலை அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவளும் தொடரைப் பார்த்திருக்கிறாள். என்னை உள்ளே உட்காரவைத்து டீ ஊற்றினாள்.

"உன் தம்பிக்கு நல்ல ஞாபகசக்திடி" என்றாள்.

கருவாடு வைத்த, கோள் சொல்லாத,
உன் அக்கா