பூங்காக் குளத்தில் இரண்டு மணி நேரம்

9-7-95, ஞாயிறு

இரண்டரை மணிக்கே பார்க்குக்குப் போய்விட்டேன். மகள் நந்திதாவைப் பார்க்கக் கோர்ட்டு எனக்குக் கொடுத்திருப்பது மாதத்தில் இரண்டாம் ஞாயிறும் நாலாம் ஞாயிறும், மூன்றிலிருந்து ஐந்து வரை, பார்க் குளக்கரையில் மட்டும். வேறெங்கும் கூட்டிப்போகக் கூடாது. "பொது இடமுங்க, அமைதியான இடமுங்க" என்று அவள் அப்பாவுடைய வக்கீல் சொன்னார். நீதிபதி அப்படியே எழுதிக்கொண்டார்.

அமைதிதான். வாகை மர நிழல், நாலு பெஞ்சு, நடுக்குளத்தில் நாமக்கோழிகள். ஒரு பெடல் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. ரோட்டுச் சத்தம் இங்கே கேட்பதேயில்லை.

நந்திதாவைக் கோபாலசாமி அண்ணன்தான் அம்பாசிடரில் கூட்டி வந்தார். அவள் அப்பாவின் பெரியநாயக்கன்பாளையம் பவுண்டரியில் இருபத்தைந்து வருஷமாக வாட்ச்மேன். இப்போது ஞாயிறானால் என் மேலும் வாட்ச்மேன். "அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. பக்கத்துலயே இருக்கோணும்னு சொல்லி உட்டிருக்காருங்க." மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார். அரை மணி நேரம் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை.

குழந்தைக்கு முன்பல் விழுந்திருக்கிறது. யாரிடம் காட்டினாளோ, எங்கே எறிந்தாளோ.

11-7-95

பல்லை ஓட்டுமேல் எறிந்தாளா என்று கேட்க மறந்துவிட்டேன். இரண்டு நாளாக இதே நினைப்பு.

23-7-95, ஞாயிறு

இன்று கேட்டுவிட்டாள். நாமக்கோழிக்குப் பொரி எறிந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்:

"ஏம்மா என்னைய உட்டுப்போட்டுப் போனே?"

என்ன சொல்ல? உங்கப்பா அன்றைக்குக் கையை முறித்தார், நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், நான் அந்தக் கையோடு பஸ் ஏறிவிட்டேன், உன் பள்ளிக்கூடம் வழியில்தான் இருந்தது, நான் இறங்கவில்லை என்றா? ஏழு வயசுப் பிள்ளையிடமா?

"அம்மாவுக்கு உடம்பு சரியில்ல கண்ணு."

"இப்ப சரியாயிருச்சா?"

"ஆச்சு."

"அப்ப ஊட்டுக்கு வா."

பொரி தீர்ந்துவிட்டது. ஐந்து மணியும் ஆகிவிட்டது.

13-8-95

மழை. இரண்டு மணி நேரமும் டிக்கெட் கொடுக்கும் கூரைக்கடியில் மூவரும் நின்றோம். என் முந்தானைக்குள் அவள். கோபாலசாமி அண்ணன் குடையை எங்களிடம் கொடுத்துவிட்டு நனைந்தார். இந்த மாதிரி ஒரு நாள் போதும்.

27-8-95, ஞாயிறு

நந்துவைக் காரில் ஏற்றிவிட்டு அண்ணன் திரும்பி வந்தார். பர்ஸைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு சொன்னார்:

"அம்மணி, நான் சொன்னேன்னு வெளிய தெரியக்கூடாதுங்க. தை மாசம் அவருக்குக் கல்யாணம் பேசியிருக்காங்க. பாப்பாவ ஊட்டியில இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல, ஹாஸ்டல்ல சேத்தறாங்க. அப்பறம் இந்த ஞாயித்துக்கெழமையெல்லாம் இல்லீங்."

கார் போன பிறகும் அங்கேயே நின்றேன். தண்ணீரில் ஒரு அசைவில்லை. அதைப் பார்க்க ஆத்திரமாக வந்தது.

2-9-95

என் வக்கீல்: "மனு போடலாமுங்க. ஆனா இழுக்கும். ஹாஸ்டலுக்குப் போறது கொழந்த நல்லதுக்குன்னுதான் சொல்லுவாங்க."

ரம்லாவிடம் சொல்லி அழுதேன். லேடீஸ் ஹாஸ்டலில் இரண்டு வருஷமாக ஒரே அறை, அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவளுடைய அண்ணன் ரசாக் வால்பாறையில் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அங்கே ஓ.பி. சீட்டு எழுத ஆள் வேண்டுமாம், தங்க ரூமும் கொடுக்கிறார்களாம்.

"நீ போ சாந்தா. கொஞ்ச நாள் போனா அவங்களுக்கு உம்மேல இருக்கற கோவமெல்லாம் தணிஞ்சிரும்" என்றாள்.

நான் தனியாகப் போவதை அவள் சொல்கிறாள். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம்கூடச் சொல்லவில்லை.

10-9-95

குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சின்ன கேட் இருக்கிறது. தோட்டக்காரர்கள் வந்து போவது. பூட்டுவதில்லை. இன்று பார்த்துவைத்தேன். அவ்வளவுதான். தைரியம் வரவில்லை.

24-9-95, ஞாயிறு

செய்துபோட்டேன்.

வரிசையாக எழுதிவிட வேண்டும்.

மூன்றரைக்கு, "அண்ணா, பாப்பா பஜ்ஜி கேக்கறா, முன்வாசல் கடையில வாங்கிட்டு வாரீங்களா" என்றேன். "இதோங்க அம்மணி" என்று உடனே எழுந்து போனார். என்னை நம்பிப் போனார். அவர் முதுகு மறைந்ததும் நந்துவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்கேட் வழியாக வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் நின்றிருந்தது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குக் கடைசி பஸ் பிடித்துவிடலாம் என்று கணக்கு.

"எங்கம்மா போறோம்?"

"மலைக்கு. ரம்லா அத்தையோட அண்ணன் ஊருக்கு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

பஸ்ஸில் ஏற்றி உட்காரவைத்தேன். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள்.

"ஜன்னல் பக்கம் வரியா கண்ணு?"

"சரிங்க."

"தண்ணி குடிக்கறயா?"

"வேண்டாங்க."

என்னிடம் அவள் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசினதில்லை. நீ, வா, போதான். இது என் குரல். அந்த வீட்டில் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் நான் பேசின குரல். சரிங்க, இல்லீங்க, இனிமே செய்யமாட்டேனுங்க. அடி விழாமல் இருக்கப் பேசுவது. என் குழந்தை என்னிடம் அப்படிப் பேசுகிறாள். என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள்.

பஸ் கிளம்பிவிட்டது. அவள் பாவாடை நனைந்திருந்தது. சீட்டும் நனைந்திருந்தது. ஆத்துப்பாலத்தில் கத்தி நிறுத்தச் சொல்லி இறங்கினேன். ஆட்டோவில் திரும்பி வருகிற வழியெல்லாம் மடியில் வைத்திருந்தேன். மரக்கட்டையாக விறைத்திருந்தாள்.

குளக்கரையில் கூட்டம். கோபாலசாமி அண்ணன் தண்ணீருக்குள் இருந்தார். நெஞ்சளவு தண்ணீர். நீச்சல் தெரியாத மனுசன். வேட்டி மேலே மிதக்க, இரண்டு கையாலும் அடியில் துழாவிக்கொண்டு, "பாப்பா... பாப்பா..." என்று. பஜ்ஜிப் பொட்டலம் பெஞ்சில் பிரிக்காமல் கிடந்தது.

நந்து என் கையை உதறிவிட்டு ஓடினாள். "தாத்தா!"

திரும்பிப் பார்த்தார். தள்ளாடிக் கரையேறினார். வலது பாதத்தில் கண்ணாடி கிழித்து ரத்தம். அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "வந்துட்டீங்களா அம்மணி" என்றார், அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள் நந்து.

பார்க் காவலாளி அதற்குள் போலீசுக்குச் சொல்லியிருந்தான். போலீஸ் வீட்டுக்குச் சொல்லியிருந்தது.

25-9-95

திட்டியிருக்கலாம் அவர்.

8-10-95

ஞாயிறு. போகக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். நோட்டீஸ் வந்திருக்கிறது. ரம்லா நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. படுக்கும்போது மட்டும், "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

17-11-95, வெள்ளி

நீதிபதி நந்துவைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டார். பத்து நிமிஷம். நீதிபதி வெளியே வந்து சொன்னதை வக்கீல் எனக்குச் சொன்னார். அம்மாவைப் பார்க்கப் பிடிக்குமா என்றதற்கு, பிடிக்கும் என்றாளாம். பார்க்கணுமா என்றதற்கு, "அந்தக் கொளத்துக்கு மட்டும் வேண்டாங்க" என்றாளாம்.

சந்திப்பு ரத்து. கடிதம் எழுதலாம், பள்ளிக்கூடம் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கும்.

வராந்தாவில் அவள் என்னைக் கடந்து போனாள். அவள் அப்பா தோளில் கைவைத்து நடத்திப் போனார். நான் கூப்பிடவில்லை.

3-12-95

ஒருவரிடமும் சொல்லாமல் பெரியநாயக்கன்பாளையம் போனேன். கோபாலசாமி அண்ணனுக்கு வேலை போய்விட்டது. சர்க்கரை வியாதிக்காரர் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். கால்புண் ஆறாமல் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அவர் சம்சாரம் பாப்பாயி வாசலிலேயே நின்றார். தண்ணீர் செம்பு கொண்டுவந்து கொடுத்தார், மரியாதைக்குக் குறைவில்லை.

"உங்க மேல கோவமில்லீங்க அம்மணி. ஆனா உள்ள வராதீங்க. உங்களப் பாத்தா எந்திரிச்சு நிக்கப் பாப்பாரு. நின்னா உழுந்துருவாரு."

தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

19-1-96

கோபாலசாமி அண்ணன் நேற்று விடியற்காலை போய்விட்டார். கால்புண்ணின் விஷம் மேலே ஏறிவிட்டதாம்.

4-2-96, வால்பாறை

நாற்பது கொண்டை ஊசி வளைவு. வாந்தி. ரசாக் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். ரூம், எஸ்டேட் ஆட்களின் லைன் வீடுகளுக்கு மேலே. நாளையிலிருந்து சீட்டு எழுத வேண்டும்: பெயர், வயது, என்ன தொந்தரவு.

12-3-96, வால்பாறை

ஊட்டியிலிருந்து முதல் கடிதம். கவரில் முகவரி ஒரு சிஸ்டரின் கையெழுத்து. உள்ளே கோடு போட்ட தாளில் பென்சிலில் ஆறு வரி இங்கிலீஷ். நான் நலம், சாப்பாடு நன்றாக இருக்கிறது, நன்றாகப் படிக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் போர்டைப் பார்த்து எழுதினதுதான். அவளுடையது என்று அதில் எழுத்து மட்டும்தான்.

தாளைத் திருப்பினேன். கீழ் மூலையில் ரப்பரால் அழித்த தடம். யார் அழித்தார்களோ, அவளேதானோ. ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். தமிழில் இருந்தது.

தாத்தாவுக்குக் கால் செரியாயிருச்சா.

அவளிடம் யாருமே சொல்லவில்லை.

ஓ.பி.யில் கூட்டம். மத்தியானம் வரைக்கும் நாற்பத்தி மூன்று சீட்டு எழுதினேன். சாப்பிடாமல் உட்கார்ந்து அவளுக்கு எழுதினேன். 'செரியாயிருச்சு கண்ணு' என்று ஒரு தாள். அதைக் கிழித்துவிட்டேன். பிறகு, 'தாத்தா செத்துப்போய்விட்டார் கண்ணு. அன்றைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனது நான். நீ எதுவும் செய்யவில்லை. உன்மேல் ஒரு தப்பும் இல்லை. உடம்பு சரியில்லை என்று முன்னே சொன்னதும் பொய், பயந்து போய் ஓடிவந்தேன், உன்னைக் கூட்டி வந்திருக்க வேண்டும்' என்று எழுதினேன்.

பள்ளிக்கூடத்தில் படித்துப் பார்த்தால் கொடுக்கமாட்டார்கள் என்று ரசாக் சொன்னார். இருக்கலாம். இதற்குப் பிறகு கடிதமும் கூடாது என்று அவள் அப்பாவின் வக்கீல் மனுப் போடலாம்.

நாலு மணித் தபாலில் போட்டுவிட்டேன்.