எழுதியவர்: தாமல் செல்லியம்மாள்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
11-6-1967

அன்பு செல்லிக்கு,

உன் வரதராஜன் எழுதுவது. "ரெண்டு நாள்ல வந்துடறேன்" என்று பெட்டியைத் தூக்கினவள், தாமலுக்குப் போய் இன்றோடு பதினெட்டு நாள். முழுகாமல் இருக்கிறவள், பிறந்த வீட்டில் கொஞ்சம் இருக்கட்டும் என்று நானும் பேசாமல் இருந்தேன். நேற்று குழம்புக்கு இரண்டு தடவை உப்பு போட்டுவிட்டேன். அதையும் சாப்பிட்டேன்.

நல்ல சேதி ஒன்று. மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஆசிரியர் வேணுகோபால் எழுதியிருக்கிறார். நம் 'தறிக்குழி' கதைக்குச் சாக்குப் பை நிறையக் கடிதம் வந்ததாம். இருபது வாரத்துக்குத் தொடர்கதை கேட்கிறார். பேய்க்கதையா, சின்னப்பிள்ளைச் சமாசாரம் என்று எங்கள் நெசவாளர் சங்கத்து ஆபீசில் சிரித்தவர்கள் இப்போது எழுத்தாளர் புருஷன் என்று எனக்கு நாற்காலி நகர்த்திப் போடுகிறார்கள். "தாமல் செல்லியம்மாள் என்ற பேரைப் பார்த்தாலே முதுகு சில்லிடுகிறது" என்று வாசகர்கள் எழுதுகிறார்களாம். உன் பேர் ராசியான பேர்.

நம் கையெழுத்துப் பத்திரிகைதான் முடங்கிக் கிடக்கிறது. அடுத்த 'கருக்கல்' எங்கே என்று செய்யாறு, அரக்கோணம், வேலூர் எல்லா இடத்திலிருந்தும் கேட்கிறார்கள். நாற்பது பேருக்கும் ஒரே பிரதி, ஒருவர் படித்து அடுத்தவருக்குத் தபாலில் தள்ள வேண்டும். அதை என் கோழிக்கிறுக்கலில் எழுதினால் இரண்டாவது ஆளே திருப்பி அனுப்பிவிடுவான். ஆடி இதழுக்கான கதைகளைக் கண்டக்டர் வேலாயுதத்திடம் கொடுத்தனுப்புகிறேன். உன் முத்து முத்தான கையால் படி எடுத்து அனுப்பு.

பட்டம்மாள் வீட்டில் நடந்ததை இன்னும் மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாயா? அன்றைக்கு நான் சிரித்தது உன்னைப் பார்த்து இல்லை, அந்த ஜனங்களைப் பார்த்து.

உன்,
வரதராஜன்

தாமல்
19-6-1967

மாமாவுக்கு,

செல்லி எழுதியது. வாந்தி நின்றுவிட்டது, சோறு இறங்குகிறது. நீங்கள் அனுப்பிய கட்டைப் பிரிக்காமல் வேலாயுதத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

யாரைப் பார்த்துச் சிரித்தாலும் சிரித்தீர்கள். நான் அழுதுகொண்டிருந்தபோது சிரித்தீர்கள்.

என்ன நடந்தது என்று அன்றைக்கு நீங்கள் முழுசாகக் கேட்கவில்லை, இப்போது கேளுங்கள். பட்டம்மாள் மகளுக்கு வளைகாப்பு. வந்திருந்த பொம்பளைகள் எல்லாருக்கும் வளையல் போட்டுக்கினு வந்தார்கள். என் முறை வந்தது, கையை நீட்டினேன். பட்டம்மாள் வளையல்காரரிடம், "அவங்களுக்கு வேணாம்பா, அவங்க வேற ஜாதகம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார்கள். நீட்டின கையை எப்படி மடக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

'தறிக்குழி'யில் நீங்கள் ஒரு குழந்தையைச் சாகடித்தீர்கள். மூன்றாம் மாசம் எதிர்வீட்டுக் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. அவள் எழுதினால் நடக்கிறது என்று தெருவெல்லாம் பேச்சு. காலையில் தெருவில் தறிக்குப் பாவு நூல் இழுத்துக் கட்டியிருந்தால், அதைச் சுருட்டி முடிக்கும் வரைக்கும் என்னைத் தெருமுனையிலேயே நிற்கச் சொல்கிறார்கள். நான் தாண்டினால் இழை அறுந்துவிடுமாம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். நீங்கள் அந்த நேரத்துக்கு ஆபீஸ் போய்விடுகிறீர்கள்.

நான் எழுதவில்லை, அவர்தான் எழுதுகிறார் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு 'கருக்கல்' இதழைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினார்கள். "பேரும் உன்னுது, கையெழுத்தும் உன்னுது. அப்போ பேய் மட்டும் யாருது?" என்று கேட்டார்கள்.

ஒரே ஒரு வரி போடுங்கள். இந்தக் கதைகளை எழுதுகிறவர் வரதராஜன் என்று இரண்டு பத்திரிகையிலும் போடுங்கள். அது வந்த அன்றைக்கே பஸ் ஏறுகிறேன். ஆறு வருஷம் கழித்து ஒன்று தங்கியிருக்கிறது. அது பிறக்கும்போது என்னைத் தொட நாலு பேர் வேண்டும்.

செல்லி

காஞ்சிபுரம்
20-8-1967

அன்பு செல்லிக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஒரு வரிதானே என்று நீ லேசாகச் சொல்லிவிட்டாய். வரதராஜன் என்ற பேரில் எட்டு வருஷம் எழுதினேன். அனுப்பினது அத்தனையும் போன வேகத்தில் திரும்பி வந்தது. கல்யாணமான புதிதில் உன் மேல் இருந்த ஆசையில், ஒரு விளையாட்டாக, உன் ஊரையும் பேரையும் போட்டு அனுப்பினேன். அச்சில் வந்தது. அன்றைக்கு நீயும்தானே சந்தோஷப்பட்டாய்? எத்தனையோ பேர் பெண்டாட்டி பேரில் எழுதுகிறார்கள், எவள் பெட்டி கட்டிக்கொண்டு போகிறாள்?

ஒரு பெண்பிள்ளை பேய்க்கதை எழுதுகிறாள் என்பதால்தான் படிக்கிறார்கள் என்று வேணுகோபால் நினைக்கிறார். அவரிடம் போய் இப்போது மீசையைக் காட்டினால் தொடர் பாதியில் நின்றுவிடும். தை மாதம் தொடர் முடிகிறது. முடிந்ததும் சொல்லிவிடுகிறேன், சத்தியம்.

போட்டோ கேட்டார், மறுக்க முடியவில்லை. நம் கல்யாணப் போட்டோவில் உன் பாதியை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. அதில் நீ லட்சணமாக இருக்கிறாய்.

வரதராஜன்

தாமல்
25-9-1967

மாமாவுக்கு,

பத்திரிகையில் போட்டோ வந்துவிட்டது. டீக்கடையில் யாரோ அப்பாவிடம் காட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மண்டை ஓடு, மறுபக்கம் மாலையோடு நான். அப்பா அதை வாங்கி மடித்து மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "அர்ஜுனன் பொண்ணுன்னு போட்டிருந்தா என்னைக் கேட்டிருப்பாங்க, தாமல்னு போட்டு ஊரையே கேக்க வெச்சிட்டாரே" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

இங்கே பிரசவம் பார்க்கிறது பொன்னியம்மாள் ஒருத்திதான். என்னையும் அவர்கள்தான் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். நேற்று அம்மா கூப்பிடப் போனதற்கு, "எனக்கும் பேரப்பிள்ளைங்க இருக்குது, என்னை விட்டுடு தாயி" என்று கையெடுத்துக் கும்பிட்டார்களாம்.

எனக்குக் கார்த்திகை கடைசியில் நாள். உங்கள் வரி தையில் வரும் என்கிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது மாமா. நான் கோபத்தில் எழுதவில்லை, பயத்தில் எழுதுகிறேன். ஐப்பசிக்குள் என் பேரை எடுத்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

செல்லி

காஞ்சிபுரம்
29-10-1967

என் செல்லிக்கு,

இந்தா, நீ கேட்டபடி செய்துவிட்டேன். இனி ஒருத்தரும் உன் பேரில் கதை படிக்கப் போவதில்லை.

உண்மையைப் போட்டால் ஆறு வருஷமாக வாசகர்களை ஏமாற்றியவன் என்று என்னைக் காறித் துப்புவார்கள். என்னென்னவோ யோசித்தேன். கடைசியில் ஒரு கதைக்காரனுக்குத் தோன்ற வேண்டியது தோன்றியது. தொடரை அவசரமாக முடித்து அனுப்பினேன். கூடவே நாலு வரி. "எழுத்தாளர் தாமல் செல்லியம்மாள் குறுகிய கால நோயினால் காலமானார்." 'கருக்கல்' இதழில் கறுப்புக் கட்டம் கட்டி நானே எழுதிவிட்டேன், என் கையெழுத்தில்தான். மெட்ராஸ் பத்திரிகையில் இந்த வாரம் வருகிறது. வேணுகோபாலுக்கும் நிஜம் தெரியாது. பாவம், தந்தி அடித்திருக்கிறார்.

செத்தது எழுத்தாளர்தான். நீ வெறும் செல்லியாகத் திரும்பி வா. தெருவில் எவள் வாய் திறக்கிறாள் என்று பார்க்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கிறேன், எந்த நாள் என்று மட்டும் எழுது.

வரதராஜன்

காஞ்சிபுரம்
4-12-1967

அன்பு செல்லிக்கு,

நாலு கடிதம் போட்டும் பதில் இல்லை. அனுதாபக் கார்டுகள் தாமலுக்கே வந்துவிட்டதாக வேலாயுதம் சொன்னான். பேரிலேயே ஊர் இருக்கிறது, அது எனக்குத் தோன்றாமல் போயிற்று. தப்புதான். ஆனால் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அது உனக்கே தெரியும்.

என் சொந்தப் பேரில் இரண்டு கதை அனுப்பினேன். இரண்டும் திரும்பி வந்துவிட்டன. முந்தா நாள் வேணுகோபாலிடமிருந்து கடிதம். அம்மையார் எழுதிவைத்துவிட்டுப் போனவை இருக்குமே, 'மறைந்த தாமல் செல்லியம்மாள்' என்று போட்டு ஒரு வருஷம் வெளியிடலாம் என்கிறார். செத்த பிறகு இன்னும் கிராக்கியாம். பதினான்கு வயசிலிருந்து நான் செய்யத் தெரிந்தது இது ஒன்றுதான் செல்லி. இதுவும் போனால் சங்கத்து ஆபீசில் பேரேடு எழுதியே கிழவனாகிவிடுவேன்.

அதனால் ஒரு வருஷம் நீ தாமலிலேயே இரு. குழந்தையோடு அங்கேயே சௌகரியமாக இருக்கலாம். இங்கே வந்து யார் கண்ணிலாவது பட்டால் எல்லாம் கெட்டுப்போகும். யாராவது கேட்டு வந்தால் நீ வெளியே வராதே. ஒரே ஒரு வருஷம். பிறகு நானே வந்து மேளதாளத்தோடு அழைத்து வருகிறேன்.

வரதராஜன்

தாமல்
2-1-1968

'கருக்கல்' ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் எழுத இன்றைக்குத்தான் கை ஓடியது.

முதலில் வந்தது ஒன்பது கார்டு. கார்டு என்பதால் தபால்காரர் கண்ணாயிரம் படித்துவிட்டார். வீட்டுக்கு வராமல் நேரே கழனிக்குப் போய், "உன் பொண்ணு தவறிட்டுதாமேப்பா" என்று அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். நான் காலையில் ஏரிக்கரைப் பக்கம் போயிருந்தேன். அங்கேதான் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அப்பா வரப்பில் விழுந்து எழுந்து ஓடி வந்தார். நான் அதற்குள் திரும்பி வந்து வாசலில் நெல் துழாவிக்கினு இருந்தேன். என்னைப் பார்த்ததும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு இடது கை சரியாக வருவதில்லை.

மறுநாள் தென்னேரியிலிருந்து சித்தி வந்தார்கள். பத்திரிகையில் பார்த்தவர்கள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கோடிப் புடவை எடுத்துக்கொண்டு, பஸ்ஸிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். நிறைமாதத்து வயிற்றோடு நான் எதிரே நின்றேன். சித்தி என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. புடவையைக் கீழே போட்டுவிட்டு, என்னைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தார்கள். அதற்கு அப்புறம் எங்கள் வாசலுக்கு யாரும் வருவதில்லை. முன்பு நான் சூனியம் எழுதுகிறவள். இப்போது செத்தவள்.

கார்த்திகை இருபத்தெட்டாம் நாள் வலி கண்டது. பொன்னியம்மாள் வரவில்லை. அப்பா ஒரு கையால் மாட்டுவண்டி ஓட்டினார். காஞ்சிபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது. உங்கள் ஆபீசிலிருந்து நடந்து வருகிற தூரம். சொல்லியனுப்பட்டுமா என்று அம்மா கேட்டாள். யார் கண்ணிலும் படக்கூடாது என்று நீங்கள் எழுதிய கடிதம் தலையணைக்குக் கீழே இருந்தது. வேண்டாம் என்றேன்.

நீங்கள் கேட்டபடி ஒரு வருஷம் எழுதுங்கள். மறைந்த என்றே போடுங்கள். நான் வந்து மறுக்க மாட்டேன். அந்தப் பேரை வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தது பெண் குழந்தை. நன்றாக இருக்கிறாள், தலைமுடி உங்களைப் போலச் சுருட்டை. பேர் வைத்துவிட்டோம். என்ன பேர் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். வேலாயுதத்துக்கும் தெரியாது, அவரைக் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
அர்ஜுனன் மகள் செல்லியம்மாள்